பதினோரு மதகுகளுக்கு ஓர் எண்

ரியூக்கனில் அக்டோபர் பிறந்தால்
மார்ச் வரை சூரியன் நேரில் வராது.
மலைமேல் மூன்று கண்ணாடிகள்
அதைப் பிடித்துச் சதுக்கத்துக்கு அனுப்பும்.
மதியத்தில் அந்த ஒளித்துண்டுக்குள் நின்று
நானும் ஹல்வோரும் காபி குடிப்போம்,
கோட்டுப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு.

எங்கள் பிழைப்பு மதகுகள்.
இரும்பில் உள்ளவற்றைப் பார்க்க வேறு ஆட்கள் உண்டு,
நகக்கண்ணில் கிரீஸோடு.
எங்களுடையவை திரையில்.
மதகு என்றொரு வகுப்பு,
அதில் பிறந்த பொருள்கள் பதினொன்று.
திறப்பு அவரவருக்கு, பழுது அவரவருக்கு.
உச்ச நீர்மட்டம் மட்டும் பொது:
வகுப்புக்கே சொந்தமான ஒற்றை மாறி.
எழுநூற்று நாற்பது மீட்டர்.

பிப்ரவரி ஒன்பது, இரவு இரண்டே கால்.
மாறி, மாறியிருந்தது.
கடைசி சைபர் உதிர்ந்து
எழுபத்து நாலாய் நின்றது.
தலைக்குமேல் வெள்ளம் என்று
பதினொன்றும் ஒரே நொடியில் நம்பின,
ஒரே நொடியில் திறந்தன.
காவலிலிருந்த ஆஸ்லைக் ஓடிப்போய்
கையால் சுற்றி மூட நாலு நிமிடம்.
கீழே ஆற்றுப்பனி உடைந்தது.
ஆளுக்குச் சேதமில்லை.
ஒரு படகுத்துறை போயிற்று,
ஹல்வோரின் அக்கா துறை.

தொட்டது யார்?
கோடு முழுக்கத் தேடினேன்.
நாற்பத்தாறு இடங்களில்
நாற்பத்தாறு கைகள் அந்த எண்ணை நேராகத் தொட்டன,
கேட்காமல், சொல்லாமல்,
பொது மேசையில் கிடக்கும் சர்க்கரைக் கிண்ணம்போல.

மூன்று நாள் ஆயிற்று
ஒவ்வொரு கையாக விலக்க.
மாறியை உள்ளே வைத்துப் பூட்டினேன்.
வெளியே இரண்டு மெத்தட்.
பெறுவது ஒன்று: மட்டம் என்ன என்றால் சொல்லும்,
சொன்னதை நீ கிழித்தாலும் உள்ளிருப்பது கிழியாது.
இடுவது மற்றொன்று: அது கொஞ்சம் முசுடு.
யார் நீ என்னும்.
எழுநூறுக்குக் கீழா, போ என்னும்.
எழுநூற்றைம்பதுக்கு மேலா, அதற்கும் போ.
வந்தவர் பேரையும் நேரத்தையும்
குறிப்பேட்டில் ஏற்றிக்கொள்ளும்,
விரட்டப்பட்டவர் பேரை முதலில்.
குறிப்பேடும் உள்ளே பூட்டிய மாறிதான்.
அதற்குப் படிக்க வழி வைத்தேன்.
திருத்த வழி வைக்கவில்லை.
அன்றைக்கு அதில் எனக்குப் பெருமை.

பதினாறாம் தேதி விடியாத காலை
குறிப்பேட்டைக் கேட்டேன். தந்தது:
இரண்டே கால். கேட்ட எண் எழுபத்து நாலு. மறுக்கப்பட்டது.
கேட்டவர், இங்குன்.

இங்குன் நான்தான்.

இரண்டு வருடம் முன்பு
அபாய மணி அடிக்கிறதா என்று பார்க்க
நான் எழுதி, நான் மறந்த பத்து வரி.
பழைய சர்வரில் தூங்கியது,
புதியதற்குக் குடிபோனபோது
வாரம் ஒருமுறை விழிக்கத் தொடங்கியிருக்கிறது.
நாற்பத்தாறில் ஒன்றாய் அதையும் நானேதான் திருத்தினேன்.
கை திருத்தியது, கண் படிக்கவில்லை.

அலுவலகத்தில் வேறு யாரும் வரவில்லை.
ஹீட்டர் மட்டும் டக் டக் என்றது.
குறிப்பேட்டுக்கு ஒரு வழி வெட்ட
மூன்று வரி போதும்.
ஒன்றரை வரி அடித்தேன்.
அந்த ஒன்றரை வரியைப் பற்றி
இதுவரை எவரும் என்னிடம் கேட்டதில்லை,
நானும் சொன்னதில்லை.
பிறகு அழித்தேன்.

மதியம் சதுக்கம்.
எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும்
ஒன்பது வருடமாய் ஒரே விடை தருபவள் நான்:
நலம். மாறாத மதிப்பு,
உள்ளே எது இருந்தாலும்.
ஹல்வோர் அதைக் கேட்கவில்லை.
"யாரென்று தெரிந்ததா?" என்றான்.
உள்ளிருந்ததை அப்படியே திருப்பித் தந்தேன்.

காபியைப் பார்த்தான்.
"அக்காவிடம் நீதான் சொல்ல வேண்டும்" என்றான்.
"நாளைக்கு வேண்டாம். இன்றைக்கே."
மேலே கண்ணாடி ஒரு கோணம் திரும்பியிருக்க வேண்டும்.
வெளிச்சம் எங்கள் தோளைவிட்டு நழுவி
அரையடி தள்ளி விழுந்தது.
அவன் அதற்குள் நகர்ந்து நின்றான்.
இன்னோர் ஆள் நிற்க இடமிருந்தது.